கோவை டு நியூயார்க்: 15 மணியா, 20 மணியா, பத்தரை மணியா?

பெருந்துறைப் பையன்:

வணக்கம்ங்க. அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள், ஆகஸ்ட்டில் பிரசவம். அம்மா ஜூலை கடைசியில் கிளம்ப வேண்டும். கூட வர எனக்கு விசா இல்லை, அதனால் தனியாகத்தான் போக வேண்டும். 63 வயது, முழங்கால் வலி உண்டு, இதற்கு முன் விமானம் ஏறியதே கிடையாது. அம்மா போன நீண்ட பயணம் என்றால் ஈரோட்டில் ரயில் ஏறிக் காசி போய் வந்ததுதான்.

என் குழப்பம் இதுதான். நெட்டில் கோவை–நியூயார்க் தூரம் போட்டால் 13,500 கிலோமீட்டர், 15 மணி 50 நிமிடம் என்று வருகிறது. டிராவல்ஸ்காரர் கொச்சியில் ஏறி துபாய் வழியாகப் போகும் டிக்கெட்டைக் காட்டி, 20 மணி நேரம் என்கிறார். அந்த டிக்கெட்டில் அச்சாகி இருப்பதோ விடியற்காலை 4.00க்குப் புறப்பாடு, அதே தேதியில் மதியம் 2.30க்கு நியூயார்க்கில் இறக்கம். கணக்குப் போட்டால் பத்தரை மணி நேரம்தான் வருகிறது. மூன்றில் எது நிஜம்?

இன்னொன்று. மாமா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். கோவையிலேயே ஏறி சிங்கப்பூர் வந்தால் நான் ஏர்போர்ட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன், அங்கிருந்து நியூயார்க்குக்கு ஒரே விமானம் இருக்கிறது என்கிறான். மேப்பில் பார்த்தால் நமக்குக் கிழக்கேயும் கடல், மேற்கேயும் கடல், அமெரிக்கா இரண்டு ஓரத்திலும் தொங்குகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதானா? அம்மாவுக்கு எது கஷ்டமில்லாமல் இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் நூல்கடை:

தம்பி, ஒன்று இல்லை. நிறைய வித்தியாசம் இருக்கிறது. சரக்கு வாங்கும் பையர்களை (buyers) பார்க்க நான் அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன், எனக்கும் முதலில் இதே சந்தேகம்தான். சுவரில் மாட்டும் மேப்பை மறந்துவிடுங்கள். உருண்டையை விரித்துத் தட்டையாக்கிய படம் அது, வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாகக் காட்டும், அதில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும்.

வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுடையது ஒரு அடி விட்டம். நான் கடையில் இருந்து ஒரு முழம் பனியன் நூலை அறுத்து, ஒரு நுனியைக் கோவை மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு நுனியை நியூயார்க் மேல் வைத்துத் தொய்வு இல்லாமல் இழுத்தேன். நூல் கடல் பக்கமே போகவில்லை. நேராக வடமேற்கில் ஏறி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் தெற்கு முனை, அப்புறம் கனடா வழியாக இறங்குகிறது. உருண்டையின் மேல் அதுதான் மிகக் குறுக்கு வழி. நூலை அளந்தால் கிட்டத்தட்ட 32 சென்டிமீட்டர். அந்த குளோப்பில் ஒரு சென்டிமீட்டர் 425 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள், நெட்டில் வந்த 13,500க்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம் அதே நூலை துபாயில் ஒரு குண்டூசி வைத்து அதைச் சுற்றி இழுத்தேன். ஒரு சென்டிமீட்டர்கூட அதிகமாகவில்லை. கொச்சி–துபாய் சுமார் 2,800, துபாய்–நியூயார்க் சுமார் 11,000, மொத்தம் 13,800. அதாவது வளைகுடா நாடுகள் நமக்குப் போகிற வழியில்தான் இருக்கின்றன. டெல்லியும் அப்படித்தான். கோவையும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியில், ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று இருக்கின்றன. கோவை–டெல்லி 1,950, டெல்லி–நியூயார்க் 11,750, கூட்டினால் 13,700.

சிங்கப்பூரில் குண்டூசி வைத்துப் பாருங்கள், 43 சென்டிமீட்டருக்கு மேல் போகும். கோவையில் இருந்து சிங்கப்பூர் 3,160. அங்கிருந்து நியூயார்க் 15,300க்கு மேல். இன்றைக்கு உலகத்தில் பயணிகள் விமானம் இடையில் நிற்காமல் போகிற மிக நீண்ட வழித்தடம் அதுதான், பதினெட்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகமொத்தம் 18,500 கிலோமீட்டர். அவிநாசியில் இருந்து கோவை போக, ஈரோட்டுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி. முழங்கால் வலி உள்ள அம்மாவைப் பதினெட்டரை மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டெல்லி வழி பற்றி ஒரு விஷயம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதனால் டெல்லியில் இருந்து அமெரிக்கா போகும் நம் நாட்டு விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் மேலாகச் சுற்றிப் போக வேண்டி வந்தது, சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நூல் காட்டுவது தூரத்தை மட்டும்தான், எந்த நாட்டின் மேல் பறக்க அனுமதி உண்டு என்பது அதில் தெரியாது. அந்த வழியில் போட்டால் அன்றைய தேதிக்கு எத்தனை மணி நேரம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கோபி கணக்கு வாத்தியார்:

தம்பி கேட்ட மூன்று எண்களும் சரியானவைதான். மூன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை, அதனால்தான் பொருந்தவில்லை.

நெட்டில் வருகிற 15 மணி 50 நிமிடம் வெறும் வகுத்தல். 13,500 கிலோமீட்டரை மணிக்கு 850 என்று வகுத்துச் சொல்கிறது. அப்படி கோவையில் ஏறி நேராக நியூயார்க்கில் இறங்க ஒரு விமானமும் இல்லை. நம் பீளமேடு ஏர்போர்ட் ஓடுபாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். வந்து போவதெல்லாம் நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்கள், அவற்றில் அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் காணாது. ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள் என்று நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இருந்தே பேச்சு இருக்கிறது.

டிராவல்ஸ்காரர் சொன்ன 20 மணி நேரம்தான் அம்மா உண்மையில் கழிக்கப் போகிற நேரம். பத்தரை மணி என்பது இரண்டு ஊர்க் கடிகாரத்தைக் கழித்ததால் வந்தது. டிக்கெட்டில் எப்போதும் புறப்படும் ஊரின் நேரமும் இறங்கும் ஊரின் நேரமும்தான் அச்சாகும். ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள், எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்திலேயே வைத்துக்கொண்டு. காலை 4.00 கொச்சியில் புறப்பாடு. நான்கு மணி நேரம் பறந்தால் நமக்குக் காலை 8.00, துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் அங்கே 6.30. அங்கே இரண்டு மணி நேரம் இருந்து 8.30க்கு அடுத்த விமானம், நமக்கு அப்போது காலை 10.00. அதில் 14 மணி நேரம். இறங்கும்போது நமக்கு நள்ளிரவு 12.00. ஜூலையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே மதியம் 2.30. கணக்கு நேராகிவிட்டதா? மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைதான் இந்த ஒன்பதரை. மற்ற மாதங்களில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுவார்கள், பத்தரை ஆகிவிடும். அம்மா நவம்பருக்கு மேல் திரும்பினால் இதை நினைவில் வையுங்கள்.

திரும்பும்போது இன்னொன்றும் பார்ப்பீர்கள். போகும்போது 14 மணி நேரம் எடுத்த அதே தூரம், வரும்போது பன்னிரண்டரையில் முடியும். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகிறபோது ஊர் நம்மை நோக்கி வர வேண்டாமா என்று மாணவர்கள் வருடா வருடம் கேட்பார்கள், நல்ல கேள்வி. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறப்பதால் பூமி சுற்றுவதால் மட்டும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வித்தியாசம் வருவது வேறு காற்றால். வடக்கே, விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு வேகக் காற்று ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். போகும்போது எதிர்நீச்சல், வரும்போது ஆற்றோடு வருகிறோம். கோடையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கோவையில் இருந்து வாளையார் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தம்பி, 20 மணியும் முழுக்கணக்கு இல்லை. வீட்டு வாசலில் இருந்து வாசல் வரை எண்ணுங்கள். பெருந்துறையில் இருந்து கொச்சி ஏர்போர்ட் இருக்கும் நெடும்பாசேரி 240 கிலோமீட்டர் இருக்கும். சாதாரணமாக ஐந்து மணி நேரம், ஜூலையில் வாளையார் தாண்டினால் மழை பிடித்துக்கொள்ளும், ஆறு என்று வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். அங்கே இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, அக்கா வீடு என்று இன்னும் மூன்று மணி. மொத்தம் 32 மணி நேரம். அம்மாவிடம் இந்த எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

சூலூர்க்காரன்:

நூல்கடை அண்ணா சொன்ன தூரக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சிங்கப்பூரை அப்படித் தள்ளிவிட வேண்டாம். என் அய்யனை அந்த வழியில்தான் அனுப்பினேன். கோவையிலேயே ஏறலாம், ராத்திரியில் நெடும்பாசேரி வரை கார் பயணம் மிச்சம். அங்கே தமிழும் ஆட்சிமொழி, ஏர்போர்ட்டில் பலகையிலேயே தமிழ் இருக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு அது எவ்வளவு தைரியம் என்று அய்யன் வந்து சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒன்று, வெளியே போக விசா எடுக்காவிட்டால் அம்மா உள்ளேயேதான் இருப்பார், மாமா பையன் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கத்தான் முடியும். அவனை நம்பி அந்த வழியைப் போட வேண்டாம்.

கோவையில் இருந்து ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும்கூட விமானம் உண்டு. அபுதாபியில் ஒரு வசதி, அமெரிக்க இமிக்ரேஷன் சோதனையை அங்கேயே முடித்துவிட்டுத்தான் நியூயார்க் விமானத்தில் ஏற்றுகிறார்கள். போய் இறங்கியதும் உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்தச் சோதனைக்கும் வரிசை உண்டு என்பதால் அங்கே நடுவில் நல்ல இடைவெளி வேண்டும்.

எந்த வழியானாலும் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் நம்பரில் இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஜனவரியில் மச்சானை அனுப்பும்போது, ஆறாயிரம் ரூபாய் குறைகிறது என்று கோவை–டெல்லி தனி டிக்கெட், டெல்லி–நியூயார்க் தனி டிக்கெட் போட்டோம். டெல்லியில் பனிமூட்டம். நம் விமானம் மூன்று மணி நேரம் தாமதம், பெரிய விமானம் போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக இருந்ததால் அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள், புது டிக்கெட் எடுத்துத்தான் போனான். அன்று ராத்திரி அவன் போனில் பேசிய குரல் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. வயதானவர்களுக்கு அந்த நிலைமை வரவே கூடாது.

காங்கேயத்து அமுச்சி:

கண்ணு, நான் 66 வயதில் தனியாகப் போய் வந்தவள், இரண்டு தடவை. கிலோமீட்டரும் மணியும் ஆம்பளைகள் எல்லாம் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் உட்கார்ந்து போனதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மணி நேர இடைவெளி வேண்டாம். வீல்சேர் கேட்டு வைத்தாலும், எல்லாரும் இறங்கின பிறகுதான் நம்மைக் கூட்டிப்போவார்கள். ஒரு ஏர்போர்ட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, இன்னும் நாலு பேர் சேரட்டும் என்று முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். எனக்கு மொழி தெரியாது, கையில் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம் இடைவெளி இருந்தால் அந்தப் பதட்டம் இல்லை. வீல்சேரை டிக்கெட் போடும்போதே எழுதச் சொல்லு, காசு கிடையாது.

நடைபாதை ஓரத்து சீட் கேட்டு வாங்கு. ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தால் இரண்டு பேரைத் தாண்டி எழுந்திருக்க சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டோம், அதுதான் காலுக்குக் கேடு. எனக்கு முதல் தடவை கால் வீங்கிப்போய், கழற்றிய செருப்பு திரும்ப ஏறவில்லை. இரண்டாம் தடவை டாக்டரிடம் கேட்டு இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பின்னால் சமையல் இடம் வரை நடந்து வந்தேன், வீக்கமே இல்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். எந்த மாத்திரை எப்போது போடுவது என்பதை நம் ஊர் நேரப்படியா அந்த ஊர் நேரப்படியா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லு, நான் அதில்தான் குழம்பினேன்.

சாமான் விஷயம். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று அம்மா எல்லாவற்றையும் கட்டுவார்கள், எனக்குத் தெரியும். கொப்பரை வேண்டவே வேண்டாம். எண்ணெய் உள்ள பொருள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சாமான் வரிசையில் வைத்திருக்கிறார்கள், எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். எங்கள் களத்தில் மூட்டையை நெருக்கி அடுக்கினால் உள்ளே கை வைக்க முடியாமல் சுடும், அதனால் அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, நாட்டுச்சர்க்கரை எல்லாம் பெரிய பெட்டியில் போடு. கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடியாக எது இருந்தாலும் தனியாகப் பிரித்துச் சோதிப்பார்கள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்கும்போது இருக்கிறது என்றே சொல்லச் சொல்லு, மறைத்தால்தான் வம்பு.

ஒரு அட்டையில் அக்கா பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், எதற்கு வருகிறார், எத்தனை நாள் என்று ஆங்கிலத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வை. எங்கள் பேத்தி எனக்கு எழுதிக்கொடுத்தாள், கேட்டவரிடம் நீட்டினேன், படித்துவிட்டுச் சிரித்தபடி முத்திரை குத்திக்கொடுத்தார்.

பயப்படாமல் போகச் சொல்லு. பக்கத்து சீட்டில் ஒரு மலையாளத்து அம்மா இருந்தார். அவர் மலையாளம், நான் தமிழ், துபாய் வரும்வரை பேசிக்கொண்டே போனோம்.

பெருந்துறைப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி இதை முழுவதும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் குளோப்பை வாங்கி வந்து நூலும் வைத்துப் பார்த்தோம். துபாய்க்கும் நியூயார்க்குக்கும் நடுவில் இருக்கும் நீளத்தை அம்மா விரலால் தடவிக்கொண்டே வந்து, இவ்வளவு தூரத்திலா அவளைக் கட்டிக்கொடுத்தோம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கொச்சி–துபாய்–நியூயார்க் ஒரே டிக்கெட்டில் போட்டாகிவிட்டது. இடைவெளி இரண்டு மணி இருந்ததை விட்டு நான்கு மணி இருக்கிற விமானத்தை எடுத்தேன், அங்கே இறங்குவது 4.30. அக்கா வீட்டுக்காரர் வேலை முடிந்து நேராக ஏர்போர்ட் வர அதுவும் தோதாக இருக்கிறது என்றார். வீல்சேரும் நடைபாதை ஓர சீட்டும் டிக்கெட்டில் எழுதிவிட்டார்கள். சூலூர் அண்ணா, கோவையில் ஏற முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே பிஎன்ஆரில் அந்தத் தேதிக்கு அமையவில்லை. மழைக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கே கிளம்பலாம் என்று இருக்கிறோம். கட்டி வைத்திருந்த கொப்பரை மூன்று கிலோவை அம்மா எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊத்துக்குளி நெய் வைக்கலாமா என்கிறார். அமுச்சி, நெய் விடுவார்களா? டின்னில் அடைத்தால் போதுமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

காங்கேயத்து அமுச்சி:

நெய் பால் சாமான் கண்ணு, அதை விடுவார்களா என்று எனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன். நான் கொண்டு போகவில்லை. அங்கேயே இந்தியக் கடையில் வெண்ணெய் வாங்கி, அம்மா கையால் முருங்கைக்கீரை போட்டு உருக்கிக் கொடுக்கச் சொல்லு, ருசி அதேதான். அந்த மூன்று கிலோவுக்கு நாட்டுச்சர்க்கரை வை.